பேரேடு பறந்த வியாழக்கிழமை

ஒரு காகிதம் நூறு வருடம் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் அதற்கு ஈரம் ஆகாது, வெயில் ஆகாது, கரையான் ஆகாது, எலி ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதைக் காப்பாற்றியே தீருவேன் என்று கிளம்பிய இருபத்துநான்கு வயது ஆள் ஒருவன் அதன் பக்கத்தில் வரவே கூடாது. முதல் நான்கையும் மதராசில் மூன்று மாதப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்தாவதை நானே கண்டுபிடித்தேன்.

முப்பது வருடத்துக்கும் மேலாகப் பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிரிவு உபசார விழாவில் பேசியவர்கள் என்னைக் காகிதங்களின் காவலன் என்றார்கள், கண்ணாடிப் பெட்டியில் வைக்கவேண்டிய மனிதர் என்றார்கள். எழுபதுகளின் நடுவில் சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நடந்தது மேடையில் இருந்த யாருக்கும் தெரியாது. (தெரிந்த ஒரே ஆள் முன்வரிசையில் முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி.) அந்த எஸ்டேட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். என்னை ஞாபகம் வைத்திருப்பவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

எங்கள் அத்தா பாலக்காட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். காகிதம் என்றால் எங்கள் குடும்பத்துக்குப் பொட்டலம் கட்டுவது. எடைக்கு வாங்கி, கிழித்து, கூம்பாகச் சுருட்டி, உள்ளே மல்லியோ மிளகோ போட்டுக் கொடுப்பது. அந்த வீட்டிலிருந்து ஒருவன் காகிதத்தைக் காப்பாற்றும் படிப்புக்குப் போனது, கசாப்புக் கடைக்காரர் மகன் மாட்டு வைத்தியம் படிக்கப் போனதைப் போலத்தான் பார்க்கப்பட்டது.

பயிற்சி முடிந்து திரும்பியபோது என்னிடம் ஒரு சான்றிதழ், எலும்பில் செய்த மடிப்புக் கத்தி ஒன்று, ஒட்டுவதற்கான மெல்லிய காகிதம் இரண்டு சுருள், பிறகு அளவிட முடியாத கர்வம் ஆகியவை இருந்தன. அத்தாவின் கடையில் உட்கார்ந்து பொட்டலக் காகிதங்களை ஒவ்வொன்றாக ஆராய ஆரம்பித்தேன். ஒருநாள் ஒரு வாடிக்கையாளரின் கையிலிருந்தே பொட்டலத்தைப் பிடுங்கிவிட்டேன். உள்ளே சீரகம், வெளியே பழைய கோயில் நோட்டீஸ்.

“சீரகத்தக் கீழ கொட்டிட்டுக் காகிதத்தக் கொண்டு போறானே, இவனுக்குச் சீக்கிரம் எங்கியாவது வேல கெடைக்கணும்” என்று அத்தா அந்த வாடிக்கையாளரிடமே சொன்னார். “தூரமா இருந்தா இன்னும் நல்லது.”

தூரமாகவே கிடைத்தது. தேவிகுளத்தில் ஒரு நூலகத்தில் பழைய ஆவணங்களுக்கென்று தனிப் பிரிவு திறந்து என்னைப் போட்டார்கள். பிரிவு என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு அறை, ஒரு மேசை, ஒரு அலமாரி, கதவில் ஒரு பலகை. ஆவணம்தான் இல்லை. என் மேலதிகாரி கோட்டயத்தில் இருந்தார். எங்களுக்குள் தபால்கார்டு மட்டும்தான். மழைக்காலத்தில் அதுவும் போய்ச்சேர நாலு நாள், திரும்பி வர நாலு நாள்.

இரண்டு மாதம் காலி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த நிலையில், ஒரு திங்கட்கிழமை காலையில் செய்தி வந்தது. சின்னக்கானல் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பழைய கிடங்கைக் காலி செய்கிறார்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று. ஜீப் ஒன்றில் தொற்றிக்கொண்டு மழையில் போய் இறங்கினேன். தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்புப் பக்கத்தில் பழைய புத்தகங்கள் விறகோடு விறகாகக் குவிந்திருந்தன. பாதி ஏற்கெனவே போய்விட்டது. குவியலின் அடியில் கைவிட்டு நான் இழுத்தபோது தோல் அட்டை போட்ட ஒரு பெரிய பதிவேடு வந்தது.

பழைய காலத்துக் கங்காணிகள், அதாவது ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்து மலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரிகள், தமிழில் எழுதி வைத்த பதிவேடு. பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், வந்த வருடம், எந்த லயம் என்று வரிசை வரிசையாக இருந்தது. லயம் என்பது தொழிலாளர்கள் குடியிருக்கும் நீள வரிசை வீடுகள். கடைசிக் கட்டத்துக்கு மேலே ‘குறிப்பு’ என்று எழுதியிருந்தது. உலகத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இதைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று அந்த நிமிடம் மனப்பூர்வமாக நம்பினேன். (அடுப்பில் போடுகிறவர் டீ குடிக்கப் போயிருந்தார் என்பதுதான் உண்மையான காரணம்.)

பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தால் வாசலில் ஒரு அம்மாள் வழிமறித்தார். தலையில் கம்பளி, முதுகில் கொழுந்துக் கூடை, நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் முத்துப்பேச்சி, நாலாம் லயம்.

“சார், கையில வச்சிருக்கது எங்க பேரேடுதான?”

பேர் இருக்கிற ஏடு என்பதால் அங்கே அதற்கு அந்தப் பெயர்.

“இது ரொம்ப அரிய ஆவணம்மா” என்றேன்.

“அதத்தான் கேக்கேன். எங்க தாத்தா பேரு, ஆச்சி பேரு எல்லாம் இதுல இருக்குமுல்லா? இத அடுப்புல போட்டாச்சுன்னு சொன்னாக. நாலு நாளா தேடிக்கிட்டுக் கெடக்கோம்.”

விஷயம் இதுதான். அந்த லயங்களில் மூன்று தலைமுறையாக இருப்பவர்களிடம் அங்கே இருப்பதற்கான காகிதம் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகளைப் படிப்பில் சேர்க்கவும் வேறு வேலைக்கு அனுப்பவும் குடியிருப்புச் சான்றிதழ் கேட்டார்கள். தாசில்தார் நேரில் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

“வர்ற வெள்ளிக்கெழம இங்கனயே வாராக. தாத்தா காலத்துல இருந்து இருக்கியன்னு எதையாவது காட்டுங்க, அன்னைக்கே கையெழுத்துப் போடுதேன்னு சொல்லிருக்காக” என்றார் முத்துப்பேச்சி. “எங்க செல்விக்கு நர்சு படிப்புக்கு எடம் வந்திருக்கு சார். சர்ட்டிபிகேட்டு இல்லன்னா அடுத்த வாரம் அந்த எடம் வேற பிள்ளைக்குப் போயிரும்.”

“கவலப்படாதீங்க. இனி இது என் பொறுப்பு” என்றேன். (இந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு என் ஆயுளில் யாரிடமும் சொன்னதில்லை.)

“பொறுப்பெல்லாம் வேண்டாம் சார். வெள்ளிக்கெழம வரைக்கும் சும்மா வச்சிருந்தாப் போதும்.”

பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அந்த அம்மாள் என் மூன்று மாதப் பாடத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். எனக்குத்தான் புரியவில்லை.

அன்று சாயங்காலம் மண் சரிந்து ஜீப் பாதை அடைபட்டது. எஸ்டேட்டில் காலியாக இருந்த ஒரு கிளார்க் குவார்ட்டர்ஸில் என்னைத் தங்கவைத்தார்கள். மேசைமேல் பேரேடு. வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. சும்மா வைத்திருக்க எனக்கு எதற்குச் சம்பளம்? ஓரங்கள் நைந்திருந்தன, சில ஏடுகள் கிழிந்திருந்தன. தாசில்தார் முன்னால் இந்தக் கோலத்தில் கொண்டுபோய் வைத்தால் என் சான்றிதழுக்கு என்ன மரியாதை?

முறைப்படி மேலதிகாரிக்கு ஒரு கார்டு எழுதினேன். ‘பதிவேட்டைப் பிரித்துச் செப்பனிட அனுமதி வேண்டுகிறேன்.’ தபால் பையைச் சுமந்துகொண்டு சரிவைத் தாண்டிப் போகிற ஆளிடம் மறுநாள் காலையில் கொடுத்தேன். அவர் வளைவில் மறைவதற்குள் அனுமதி வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, உள்ளே போய்த் தையல் நூலை அறுத்தேன்.

பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு ஏட்டின் மூலையிலும் பென்சிலால் எண் போட வேண்டும். பயிற்சியின் முதல் நாள், முதல் மணி நேரப் பாடம் அது. முதல் நாள் என் ரயில் தாமதம். நான் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச்சேர்ந்தேன்.

பசைக்கு மைதா வேண்டும். கேண்டீனில் கொடுத்தார்கள். பூச்சி வராமலிருக்கப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் என்ற நீல உப்பைச் சேர்க்க வேண்டும். செடிக்கு மருந்தடிக்கும் ஸ்டோரில் அது மூட்டையாகவே இருந்தது. சிட்டிகை என்பதை என் கை கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை முழுக்க முந்நூற்றுச் சொச்சம் ஏடுகளுக்கும் ஓரம் கட்டி ஒட்டினேன். முடிந்து நிமிர்ந்தபோது முதுகு போயிருந்தது. ஏடுகளின் ஓரமெல்லாம் மயில் கழுத்து நிறத்தில் இருந்தது. அழகாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதராசில் ஒட்டிய காகிதம் ஒரு மணி நேரத்தில் காயும். ஜூலை மாதச் சின்னக்கானலில் உடுத்தியிருக்கும் சட்டையே காயாது. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி ஏடுகளைத் தொங்கவிட்டேன். புதன்கிழமை மத்தியானம் நலம் விசாரிக்க வந்த முத்துப்பேச்சி வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏன் சார், பேரேட்டத் தொவச்சுப் போட்டுட்டீகளோ?”

“துவைக்கலம்மா. சிகிச்ச.”

“நல்லாத்தான இருந்துச்சு? அதுக்கு எதுக்குச் சார் வைத்தியம்?”

விஞ்ஞானத்தை விளக்கினேன். பூஞ்சைகளைப் பற்றி, காகித நார்களைப் பற்றி, அமிலத்தைப் பற்றி. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “வெள்ளிக்கெழமைக்குக் காஞ்சிருமுல்லா?”

வியாழக்கிழமை காலையில் எழுந்து பார்த்தபோது ஏடுகள் காயவில்லை. பதிலாக, நான் நேற்று விளக்கிய பூஞ்சை வந்திருந்தது. மைதாவின் மேல் மெல்லிய வெள்ளை ரோமமாக, எண்பது வயதுத் தாடிபோல. மயில்துத்தத்தையும் மீறி வளர்ந்த அந்தப் பூஞ்சையின் மன உறுதியை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு வியக்கத் தோன்றவில்லை. தொழிற்சாலைக்கு ஓடினேன்.

டீமேக்கர் ஞானமுத்து, அங்கே இலையைத் தூளாக்கும் வேலைக்கெல்லாம் தலைவர், விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அவர் நல்ல மனிதர்.

“மழையில கொழுந்து வரத்துக் கம்மி. வாட்டுத மாடியில ஒரு தொட்டி காலியா கெடக்கு. அதுல விரிச்சுக்கோங்க, மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும்” என்றார்.

கொழுந்து வாட்டும் மாடி தொழிற்சாலையின் மேல்தளம். நீள நீளமான கம்பிவலைத் தொட்டிகள். அடியிலிருந்து ஆள் உயர விசிறி ஒன்று இளஞ்சூட்டுக் காற்றை மேல்நோக்கி ஊதும். பச்சை இலை அதில் கிடந்து வதங்கும். இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல்கள். ஜன்னலுக்குக் கீழே சரிவு முழுக்கத் தேயிலைக் காடு. மழை அப்போது விட்டிருந்தது. பெண்கள் அங்கே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏடுகளைத் தொட்டி முழுக்க ஒவ்வொன்றாக விரித்தேன். ஞானமுத்து ஒரு வாளி நிறையக் கூழாங்கல் கொண்டுவந்து வைத்தார்.

“மேல ஒண்ணொண்ணு வச்சிருங்க.”

“கல்லா? ஆவணத்து மேலயா?” என்று கேட்டேன். என் குரலில் இருந்த வலியைக் கண்டு அவர் வாளியைத் திருப்பி எடுத்துக்கொண்டார். போகும்போது, விசிறியின் வேகத்தைக் கூட்டுகிற சுவர்க் கைப்பிடியைக் காட்டி, “காத்து ஒண்ணுலயே இருக்கட்டும் சார். அந்தக் கைப்பிடியத் தொடாதீக” என்று மட்டும் சொன்னார்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். காய்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எனக்குப் போதவில்லை. எண் இல்லாத முந்நூறு ஏடுகளை அடுக்க வேண்டும், தைக்க வேண்டும், அட்டைக்குள் வைக்க வேண்டும், எல்லாம் நாளைக்குள். ஞானமுத்து கீழே இருந்தார். நான் எழுந்து போய்க் கைப்பிடியை ஒன்றிலிருந்து நேராகக் கடைசிக்குத் தள்ளினேன்.

முதலில் ஒரு உறுமல் கேட்டது. பிறகு தொட்டியிலிருந்த ஏடுகள் அத்தனையும் ஒரே சமயத்தில், யாரோ ‘எழுந்து நில்’ என்று சொன்னதுபோல, எழுந்தன. கூரை வரைக்கும் போயின. அங்கே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஜன்னலைக் கண்டுகொண்டன. கைப்பிடியை மறுபடி இழுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. குதித்து ஒவ்வொன்றாகப் பிடிக்கப் பார்த்தேன். பிடிபட்டவை ஏழு. மிச்சம் அத்தனையும் மூடுபனிக்குள் போய் மறைந்தன.

கீழே காட்டில் பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் சொன்னது மேலே எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“ஏட்டீ, எலக்சன் வருதா என்ன? நோட்டீசு போடுதாவ.”

காலி அட்டையைக் கையில் பிடித்தபடி சரிவில் இறங்கி ஓடினேன். ஏன் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று கேட்காதீர்கள். காப்பாற்ற வேறு எதுவும் மிச்சமில்லை. இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்து, செடிகளுக்கு நடுவில் உருண்டு, எழுந்து பார்த்தபோது கையில் ஒரு அட்டை, கால்களில் பதினைந்து இருபது அட்டை. கையிலிருந்ததற்கு ரத்தம் குடிக்கத் தெரியாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் ஒரு ஏட்டைக்கூட மிதிக்கவில்லை. செடிமேல் விழுந்ததையெல்லாம் ஓரம் மடங்காமல் எடுத்துக் கொழுந்துக் கூடையில் வைத்திருந்தார்கள். பச்சைக்கு நடுவே நீல ஓரம் தூரத்திலிருந்தே தெரிந்ததால் தேடுவது சுலபமாக இருந்ததாம். (என் மயில்துத்தத்தைப் பற்றி யாராவது சொன்ன ஒரே நல்ல வார்த்தை.) நன்றி சொல்லிக் கையை நீட்டினேன். அவர்கள் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த நேரம் பார்த்து முத்துப்பேச்சியின் மகள் செல்வி கையிலிருந்த ஏட்டை வாய்விட்டுப் படித்துவிட்டாள். பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளை.

“‘சுடலைமுத்து, தகப்பன் பெயர் மாடசாமி, மூன்றாம் லயம்.’”

ஒரு பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். “அது எங்க தாத்தால்லா?”

“குறிப்புன்னு ஒண்ணு போட்டுருக்கு அக்கா.”

“படி.”

செல்வி தயங்கினாள். “‘உழைப்பாளி. கோழி விஷயத்தில் நம்ப முடியாது.’”

காடே சிரித்தது. அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. “ஆமா, எங்கய்யா சொல்லும். அது ஒத்தக் கோழிதான், அதுவும் தானா வந்துச்சாம்” என்று சொல்லிக்கொண்டே ஏட்டை வாங்கித் தலைக்கம்பளிக்குள் பத்திரமாக வைத்தாள்.

அதற்குப் பிறகு கொழுந்து யார் எடுத்தார்கள்? எல்லோரும் செல்வியைச் சூழ்ந்துகொண்டார்கள். யாருடைய தாத்தாவோ காது மந்தம். யாருடைய பாட்டியோ ‘இரண்டு முறை ஓடிப்போய், இரண்டு முறையும் தானாகத் திரும்பியவள்’. பெயர் வரவர ஏடுகள் ஒவ்வொன்றாகக் கம்பளிக்குள் போயின. ஒரே ஏட்டில் ஏழு குடும்பம் இருந்த இடத்தில், அது யார் வீட்டில் இருப்பது என்று வழக்கு வந்தது. முத்துப்பேச்சிக்கு அவருடைய ஆச்சியே கிடைத்தார். ‘பேச்சியம்மாள். வாயாடி. இவள் வேலையை நிறுத்தினால் மற்றவர்களும் நிறுத்துவார்கள்.’ முத்துப்பேச்சி அதை மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

என் பதவியை நினைவுபடுத்திக்கொண்டேன். “எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்திருங்க. இது சர்க்கார் சொத்து” என்றேன்.

முத்துப்பேச்சி என்னைத் தலையிலிருந்து அட்டை கடித்த கால் வரைக்கும் பார்த்தார். “எங்க ஆச்சி பேரு எப்படிச் சார் சர்க்கார் சொத்தாவும்? அதுவும் போவ, உங்ககிட்ட குடுத்தா பறக்கவுல்லா விடுதீக.”

இதற்குப் பதில் மதராசில் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருந்தால் அதுவும் முதல் நாள் காலையில்தான் இருந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பாதை திறந்தது. பத்து மணிக்குத் தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார். ஒல்லியான, குடையை மடக்காமலே நடக்கிற, சிரித்துப் பழக்கமில்லாத முகம் உள்ள மலையாளி. தொழிற்சாலை முற்றத்தில் மேசை போட்டிருந்தது. மேசைக்குப் பின்னால் நான். நாற்பது குடும்பமும் எதிரே நின்றது.

“ரெஜிஸ்டர் எவிடெ?” என்று கேட்டார்.

அட்டையைத் திறந்து காட்டினேன். உள்ளே நான் பிடித்த ஏழும், சொந்தக்காரர் இல்லாததால் திரும்பி வந்த நூற்றுச் சொச்சமும் இருந்தன. மைதாவும் சூட்டுக் காற்றும் சேர்ந்து அவை விறைத்துச் சுருண்டிருந்தன. அவர் ஒன்றை எடுத்தார். மூலை ‘டப்’பென்று ஒடிந்து கையோடு வந்தது.

“இது ரெஜிஸ்டரோ, பப்படமோ?”

அவர் தமிழுக்கு வந்தார். “பேஜ் நம்பர் இல்ல. தைக்கல. மிச்சம் எங்க? இது எப்படி இப்படியாச்சு?”

“அதிகப்படியான காற்றோட்டம் சார்” என்றேன்.

ஒடிந்த மூலையை மேசைமேல் வைத்தார். “தைச்ச புஸ்தகம்னா சாட்சி. இப்படி ஒத்த ஒத்தக் கடலாசா இருந்தா நேத்து ராத்திரி யாரு வேணும்னாலும் எழுதி வெச்சிருக்கலாமே. நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடறது?” பேனாவை மூடினார்.

செல்வி என் எதிரில்தான் நின்றிருந்தாள். புதுத் தாவணி, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. அழவில்லை. அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அந்தப் பேரேட்டை அடுப்பிலிருந்து நான் எடுக்காமலே இருந்திருந்தால் இவ்வளவு பெரிய நம்பிக்கை இவளுக்கு வந்திருக்காது என்று தோன்றியது. அந்த வாரத்தில் முதல்முறையாக எனக்கு என் சான்றிதழ் ஞாபகத்துக்கு வரவில்லை.

“சார், தப்பு என்னோடது” என்றேன். “தைச்சுத்தான் இருந்தது. அறுத்தது நான். நம்பர் போடாதது நான். காத்துல விட்டதும் நான். இவங்க யாரும் ஒரு எழுத்துகூட எழுதல. இவங்க கேட்டது, சும்மா வச்சிருங்கன்னு மட்டும்தான். நான் அதைக் கேக்கல.”

“நீங்க சொல்றது சரியா இருக்கலாம். சட்டம் கடலாசத்தான் பாக்கும்” என்றார் தாசில்தார்.

முத்துப்பேச்சி முன்னால் வந்தார். கம்பளிக்குள்ளிருந்து தன் ஏட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“அந்தக் கடலாசத்தான் படிங்க ஐயா. நான் பாக்காமலே பேரச் சொல்லுதேன். சரியா இருக்கான்னு பாருங்க.”

ஆச்சி பெயர், தாத்தா பெயர், வந்த ஊர், பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் யார் என்று வரிசையாகச் சொன்னார். தாசில்தார் விரலால் ஏட்டில் பின்தொடர்ந்து வந்தார். விரல் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது நின்றது. அவருக்குத் தமிழ் எழுத்து தெரியும். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக முத்துப்பேச்சியைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்து அவர் நிற்பதையும், அவர் நிற்பதால் வேலைக்குப் போகாமல் பின்னால் நிற்கும் நாற்பது குடும்பத்தையும் பார்த்தார். மறுபடி ஏட்டைப் பார்த்தார்.

“அடுத்த ஆள்.”

கோழிக்காரர் பேத்தி வந்தாள். அவர் படித்துவிட்டுக் கேட்டார். “உன் தாத்தாவைப் பத்தி இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?”

“தெரியும் ஐயா. ஒத்தக் கோழிதான்.”

தாசில்தாரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. குடையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கள்ளக் கடலாசு உண்டாக்கறவன் தன் தாத்தாவைக் கோழித் திருடன்னு எழுதுவானா?” என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

சாயங்காலம் நாலு மணி வரைக்கும் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு ஏட்டிலும் முதலில் படித்தது குறிப்பைத்தான். நல்ல பெயர் எடுத்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளைத்தான் கொஞ்சம் கூடுதலாக விசாரித்தார். செல்விக்கு முதல் ஆளாகவே சான்றிதழ் கிடைத்தது. அதற்கடுத்த வாரம் அவள் படிக்கப் போனாள்.

நான் அங்கேயே இன்னும் பத்து நாள் இருந்தேன். ஏடுகளை யாரும் ஒரேயடியாகக் கொடுக்கவில்லை. எண் போட்டு, அவர்கள் கண்ணெதிரே அடுக்கி, அவர்கள் கண்ணெதிரே தைப்பது என்று ஒப்பந்தம். ஏட்டு வரிசையை நான் தொலைத்திருந்தேன். அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு, யார் யாரோடு மலையேறி வந்தார்கள் என்று ஒவ்வொரு சாயங்காலமும் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி அடுக்கவைத்தார்கள். அந்த வரிசையில்தான் அந்தப் பேரேடு இன்றும் இருக்கிறது. ஒரே ஒரு ஏடு குறைவு. அது முத்துப்பேச்சி வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன். மூன்றாம் தரம் கேட்கவில்லை. பட்டியலில் அதன் இருப்பிடத்தை ‘நாலாம் லயம், ஆறாம் வீடு’ என்று முறையாகப் பதிவு செய்தேன். என் வேலைக்காலத்தில் நான் செய்த மிகத் துல்லியமான பதிவு அதுதான்.

கோட்டயத்திலிருந்து மேலதிகாரியின் பதில் அடுத்த புதன்கிழமை வந்து சேர்ந்தது. ‘பிரிக்க வேண்டாம். பிரித்தே ஆக வேண்டுமென்றால் முதலில் எண் போடவும்.’

இதெல்லாம் மலையோடு போயிருக்க வேண்டிய கதை. ஆனால் இரண்டு வருடம் கழித்துப் பாலக்காட்டில் நடந்த என் கல்யாணத்துக்கு முத்துப்பேச்சி நாலு பெண்களோடு பஸ் ஏறி வந்துவிட்டார். பெண்கள் பக்கம் மணப்பெண்ணோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டபடியே, கைப்பிடி முதல் அட்டைப்பூச்சி வரை ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். என் மனைவி ஜமீலா என்னைப் பார்ப்பதற்கு முன்பே என்னைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொண்டாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. வீட்டில் எங்கேயாவது புழுக்கமாக இருந்து நான் சுவர்ப்பக்கம் நகர்ந்தால் போதும், ஜமீலா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள். “நீங்க உக்காருங்க, நான் வந்து போடறேன்.” பிள்ளைகள் வந்தபின் பிள்ளைகள் சொன்னார்கள். இப்போது மருமகள் கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறாள், “மாமா, நீங்க இருங்க.” ஊரிலிருக்கும் எத்தனையோ அலமாரிகளின் சாவியை அரசாங்கம் என்னை நம்பி முப்பது வருடம் கொடுத்து வைத்திருந்தது. சொந்த வீட்டில் மின்விசிறியின் ரெகுலேட்டரைத் தொட எனக்கு இன்றுவரை அனுமதி இல்லை.